சிஸ்டர் கேள்வி கேட்கட்டும்

“அங்கே நர்சுக்கும் டாக்டருக்கும் ஒத்துப்போகவில்லையாம்” என்று ஒரு நர்சிங் ஹோமைப் பற்றிக் காதில் விழுந்தால் போதும், நம் ஊரில் தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிடும். நர்சுக்கு வாய் நீளம். நாலு எழுத்துப் படித்ததும் டாக்டருக்கே பாடம் நடத்துகிறாள். இவர்கள் சண்டையில் நோயாளியின் உயிர்தான் போகும். மருத்துவர்கள் கூடும் இடத்தில் மட்டுமல்ல, பேருந்திலும் டீக்கடையிலும், உறவினர்கள் காத்து நிற்கும் வராந்தாவிலும் இதே பேச்சுதான். டாக்டர் சொல்வதைச் செய்வதே நர்ஸ் வேலை, எதிர்க்கேள்வி கேட்பது ஒழுங்கீனம், ஒழுங்கீனம் உயிருக்கு ஆபத்து. இந்த மூன்றும் சேர்ந்து நம் சிறு மருத்துவமனைகளின் எழுதப்படாத சட்டமாகிவிட்டன.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். சிகிச்சை பற்றி நர்ஸ் எழுப்பும் கேள்விதான், தவறான மருந்து நோயாளியின் ரத்தத்தில் கலப்பதற்கு முன் இருக்கும் கடைசித் தடுப்பு. அந்தக் கேள்வி எழாத நர்சிங் ஹோமில் அமைதி இருக்கும். பாதுகாப்பு இருக்காது.

முதலில் களத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்துக்குப் போனாலும் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நாலைந்து நர்சிங் ஹோம்கள் இருக்கும். இருபது, முப்பது படுக்கைகள். பெரும்பாலும் உரிமையாளரே தலைமை டாக்டர். அவருடைய மனைவியோ கணவரோ இன்னொரு டாக்டர். அறுவை சிகிச்சைக்கு வெளியிலிருந்து சர்ஜன் வருவார். மயக்க மருந்து டாக்டர் அதே காலையில் வேறு இடங்களுக்கும் போக வேண்டியவர். இரவில் டூட்டி டாக்டர் என்று ஒருவர் இருந்தால், அவர் அநேகமாக மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர். அவரும் இல்லாத இடங்களில் பெரிய டாக்டரைப் போனில்தான் பிடிக்க வேண்டும்.

பகலும் இரவும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். பிரசவமான பெண்ணுக்கு எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருந்தது, நாடித் துடிப்பு எப்போது ஏறத் தொடங்கியது, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்தது, சாயங்காலம் நன்றாகப் பேசிய பெரியவர் எப்போதிலிருந்து உளறுகிறார் என்பதெல்லாம் நர்சுக்குத்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அவர் போன் செய்கிறார்: “டாக்டர், பேஷன்ட் சரியில்ல.” மறுமுனையில் தூக்கக் குரல்: “டிரிப்பை வேகமா விடுங்க சிஸ்டர், காலையில பார்க்கிறேன்.” “இல்ல டாக்டர், நீங்க இப்பவே வந்து பார்க்கணும்” என்கிறார் அவர். இந்த இரண்டாவது பேச்சைத்தான் நம் ஊர் வாய் நீளம் என்கிறது. அதை நான் மருத்துவம் என்பேன். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு தாயைக் காப்பாற்றுவதும் பறிகொடுப்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

“பொறுப்பு டாக்டருடையது, நர்ஸ் ஏன் தலையிட வேண்டும்?”

இதுதான் முதல் வாதம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. சிகிச்சையின்போது அது நேர்ந்து, செய்தவர் பதிவு பெற்ற மருத்துவராக இருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை. இந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். நர்சின் பெயர் அந்தப் பதிவேட்டில் கிடையாது. டாக்டர் போனில் சொன்னதைக் கேட்டு ஊசி போட்ட நர்ஸ், சொன்ன டாக்டரைவிடக் கடுமையான தண்டனைக்கு உட்பட்டவராக நிற்கிறார். தண்டனையில் பெரிய பங்கை அவர் தலையில் வைத்துவிட்டு, கேள்வி கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை என்பது என்ன நீதி?

1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கை மருத்துவ வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். டைபாய்டு என்று சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்குக் குளோராம்பெனிகால் ஊசி போட வேண்டும். போடப்பட்டதோ மலேரியாவுக்கான குளோரோகுயின், அதுவும் நரம்பு வழியாக. குழந்தையின் இதயம் நின்றது. மூளை மீள முடியாதபடி சிதைந்தது. ஊசி போட்டவர் தகுதி பெற்ற நர்ஸ் அல்ல, எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்தவர் அல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையம் கண்டது. தானே போட வேண்டிய ஊசியை அவரிடம் விட்ட டாக்டர் மீதும் தவறு என்றது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சீட்டைப் படித்து, “டைபாய்டு குழந்தைக்கு எதற்கு இந்த மருந்து?” என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த வார்டில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை நடந்து வீட்டுக்குப் போயிருக்கும்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் ‘4’ என்று எழுதி, யூனிட்டுக்கு ஓர் ஆங்கில ‘யு’ போட்டால், அது வாய் மூடி ‘40’ ஆகிவிடுகிறது. இந்தியாவில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இவை ஒவ்வொன்றும் கடைசியாக ஒருவர் கையைக் கடந்துதான் நோயாளியின் உடம்புக்குள் போகின்றன. அது நர்சின் கை. அந்தக் கை நின்று கேட்பதற்கு உரிமை இல்லை என்பவர்கள், தவறே செய்யாத டாக்டர்கள் உலகில் எங்கோ இருக்கிறார்கள் என்று நம்புகிறார்கள்.

“டாக்டர் படிப்பும் நர்ஸ் படிப்பும் ஒன்றா?”

ஒன்றல்ல. ஒன்று என்று எந்த நர்சும் சொல்லவில்லை. நோயைக் கண்டறிவதும் மருத்துவத்தைத் தீர்மானிப்பதும் டாக்டரின் வேலை. ஆனால் படிப்புக் கூடியவருக்குக் குறைந்தவர் பணிந்தே போக வேண்டும் என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1966இலேயே ஒரு சோதனை காட்டிவிட்டது.

சார்லஸ் ஹோஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நடத்திய சோதனை அது. நிஜ மருத்துவமனை வார்டில் பணியில் இருந்த 22 நர்சுகளுக்கு, முன்பின் தெரியாத ஒரு ‘டாக்டர்’ போன் செய்தார். ஒரு நோயாளிக்கு ‘ஆஸ்ட்ரோடென்’ 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஒரு நாளைக்கு உச்ச அளவே 10 மில்லிகிராம் என்று அந்தப் புட்டியிலேயே அச்சிட்டிருந்தது. போனில் மருந்து ஆர்டர் ஏற்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. இருந்தும் 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். உள்ளே இருந்தது தீங்கில்லாத மாத்திரை. ஆய்வாளர்கள் வழியில் நிறுத்திவிட்டார்கள். இப்படி ஓர் ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு நர்சுகளிடம் முன்கூட்டிக் கேட்டபோது, கிட்டத்தட்ட எல்லோரும் கொடுக்க மாட்டோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சோதனையைச் சொல்லி நர்சுகளைக் குறை கூறுபவர்கள், 1977இல் ரேங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் அதைத் திரும்பச் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இம்முறை மருந்து நர்சுகளுக்கு நன்றாகத் தெரிந்த வேலியம். சக நர்சுகளிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இரண்டு பேர்தான் ஆர்டருக்குப் பணியத் தயாரானார்கள். மருந்தைப் பற்றிய அறிவும், “இது சரியா அக்கா?” என்று கேட்க ஒரு துணையும் இருந்தால் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதில்லை. அவை இரண்டும் இல்லாத இடத்தில்தான் கீழ்ப்படிகிறார். நம் நர்சிங் ஹோம்களில் இரவில் ஒரு மாடிக்கு ஒரே நர்சைப் போடுகிறோம். அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?

நர்சின் தீர்மானத்தை நம்ப முடியாது என்பவர்கள், நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓர் இரவு போய் வரட்டும். மூன்று ஸ்டாஃப் நர்சுகளை ஷிஃப்ட் முறையில் அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு செய்தது. பிரசவத்தில் தாய் இறப்பது தமிழ்நாட்டில் குறைந்ததில் அந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணைப் பரிசோதிப்பவர் நர்ஸ். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110க்குக் கீழே போகிறதா என்று கேட்பவர் நர்ஸ். இங்கே வைத்துக்கொள்ளலாமா, 108ஐக் கூப்பிட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்ற முடிவு பெரும்பாலும் அவர் சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே அவர் தீர்மானத்தின் மேல் அரசு தாய்மாரின் உயிரை நம்பி வைக்கிறது. அதே படிப்புப் படித்த இன்னொரு பெண், பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில், “வலி வருவதற்கான டிரிப் வேகமாக ஓடுகிறது, குழந்தையின் துடிப்பு குறைகிறது, நிறுத்தலாமா?” என்று கேட்டால் அதிகப்பிரசங்கி ஆகிவிடுகிறார்.

“அவசரத்தில் விவாதம் செய்தால் உயிர் போகும்”

இதைத்தான் மிகுந்த உறுதியோடு சொல்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர்.

2005இல் இங்கிலாந்தில் எலெய்ன் ப்ரோமிலி என்ற பெண்மணிக்குச் சைனஸ் அறுவை சிகிச்சை. சாதாரணமானது. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது. அனுபவம் மிக்க மூன்று மூத்த மருத்துவர்கள் சுற்றி நின்று வாய் வழியாகக் குழாயைச் செலுத்த முயன்றுகொண்டே இருந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் நிமிடங்கள் ஓடின. கழுத்தில் துளையிட்டு மூச்சு வழி ஏற்படுத்தும் கருவித் தொகுப்பை ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்திவிட்டோமோ என்று அந்தப் படுக்கையை ரத்து செய்தார். என்ன செய்ய வேண்டும் என்று நர்சுகளுக்குத் தெரிந்திருந்தது. அதை அந்த மருத்துவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பதின்மூன்று நாட்கள் கழித்து எலெய்ன் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. காக்பிட்டில் துணை விமானி தலைமை விமானியிடம் “இது தவறு” என்று சொல்வதற்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். 1977இல் டெனெரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபின், அந்தப் பாடத்தை விமானத் துறை கற்றுக்கொண்டது. அறுவை அரங்கில் அப்படி ஒரு பயிற்சியே இல்லை என்று கண்ட மார்ட்டின், அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கி இயக்கம் நடத்தினார். அந்த அரங்கில் உயிர் போனது விவாதத்தால் அல்ல. ஒருவர் உரக்கச் சொல்லாததால்.

உரக்கச் சொல்ல அனுமதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவர், பெரிய ரத்த நாளத்தில் குழாய் செருகும்போது டாக்டர் செய்ய வேண்டிய ஐந்து செயல்களைப் பட்டியலிட்டார். கை கழுவுவது, தோலைக் கிருமிநாசினியால் துடைப்பது போன்ற எளிய செயல்கள். ஒரு மாதம் நர்சுகளைக் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளிடம் டாக்டர்கள் ஏதாவது ஒன்றைத் தவறவிட்டிருந்தார்கள். பிறகுதான் அவர் முக்கியமானதைச் செய்தார். ஒரு படியைத் தவறவிடும் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்சுக்குக் கொடுத்தார். நிர்வாகம் அதற்குத் துணை நின்றது. இதே முறை மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் போனது. முன்பு குழாய் செருகியிருந்த ஆயிரம் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூன்று மாதங்களில் பூஜ்யத்துக்கு வந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வை உலகமே படித்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. “டாக்டர், கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்ல ஒரு நர்சுக்குக் கிடைத்த அனுமதி அங்கே உயிர்களைக் காத்தது.

“இதெல்லாம் இரண்டு பேரின் ஈகோ”

நர்ஸ் புகார் செய்தால் அதை உடனே தனிப்பட்ட மனத்தாங்கலாக மாற்றிவிடுவது நிர்வாகங்களின் பழைய வழி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபெர்க் மருத்துவமனையில் நடந்தது அதுதான். 2003இல் ஜயந்த் படேல் என்ற இந்தியாவில் பிறந்த சர்ஜன் அங்கே பணியில் சேர்ந்தார். அமெரிக்காவில் அவர் மீது ஏற்கெனவே தொழில் தடைகள் இருந்தன. யாரும் சரியாகச் சோதிக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் டோனி ஹாஃப்மன், அந்தச் சிறு மருத்துவமனையின் வசதிக்கு மீறிய அறுவைகளை அவர் செய்கிறார், நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப மறுக்கிறார் என்று மீண்டும் மீண்டும் முறையிட்டார். இருவருக்கும் குணம் ஒத்துப்போகவில்லை என்பதாகவே நிர்வாகம் அதைப் பார்த்தது. படேல் நிறைய அறுவைகள் செய்பவர். மருத்துவமனையின் இலக்குகளும் வருமானமும் அவரை நம்பி இருந்தன. 2005இல் ஹாஃப்மன் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார். அவர் அதைச் சபையில் எழுப்பினார். விசாரணை ஆணையம் அமைந்தது. நர்சின் கவலைகள் உண்மை என்று வெளிப்பட்டது. படேல் மீதான மரணம் விளைவித்த குற்றத் தீர்ப்பைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தன் பழைய வரலாற்றை மறைத்துப் பதவி பெற்ற மோசடியை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் ஒரு நர்சின் எச்சரிக்கையைக் ‘குணம் ஒத்துப்போகவில்லை’ என்ற உறைக்குள் போட்டு மூடி வைத்த மருத்துவமனை, அரசு மருத்துவமனை. அங்கே முறையிட மேலதிகாரி இருந்தார், சங்கம் இருந்தது, சட்டமன்றம் இருந்தது. நம் நர்சிங் ஹோமில் தவறு செய்ததாக நர்ஸ் கருதும் டாக்டரே உரிமையாளர். சம்பளக் கவரை நீட்டுபவரும் அவரே. வேறு இடத்தில் சேரும்போது அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. சில இடங்களில் அசல் சான்றிதழ்களே அவருடைய பீரோவில் இருக்கின்றன. இந்த நிலையிலும் ஒரு நர்ஸ் நோயாளிக்காகப் பேசுகிறார் என்றால் அதை ஈகோ என்று சொல்ல எவருக்கும் வாய் வரக் கூடாது. தனக்கு இழப்பு நிச்சயம் என்று தெரிந்து யாரும் ஈகோவுக்காகப் பேசுவதில்லை.

“நம் நர்சிங் ஹோம் நர்சுகளுக்கு என்ன தெரியும்?”

எதிர்த்தரப்பில் இருக்கும் கனமான வாதம் இதுதான். இதில் பாதி உண்மை இருப்பதால் நேராகவே எதிர்கொள்கிறேன். வெள்ளை உடையில் நிற்கும் எல்லோரும் நர்சுகள் அல்ல. மூன்றாண்டு டிப்ளமோவோ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்து, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தவர்களோடு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அங்கேயே ஊசி போடப் பழகிய பெண்களும் பல இடங்களில் வேலை செய்கிறார்கள். இவர்கள் டாக்டரிடம் கேள்வி கேட்டால் ஆபத்துதானே என்கிறார்கள்.

இவர்களை வேலைக்கு வைத்தது யார்? வேலூரில் நர்சிங் பள்ளி 1909இலேயே தொடங்கிவிட்டது. அங்கே பட்டப் படிப்பு 1946இல் வந்தது. இன்று தமிழ்நாட்டிலிருந்து பயிற்சி பெற்ற நர்சுகள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறார்கள். ஆள் இல்லாமல் இல்லை. தகுந்த ஊதியம் கொடுக்க மனமில்லை. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் நர்சுகளின் ஊதியத்துக்கு அளவுகோல் வகுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. நம் சிறு நர்சிங் ஹோம்களில் இன்றும் அந்தத் தொகையைப் பார்க்காத நர்சுகள் ஏராளம்.

பயிற்சி இல்லாதவரை வைத்துக்கொண்டால் சம்பளம் மட்டுமா மிச்சம்? கேள்வியும் மிச்சம். மருந்தின் பெயர் தெரியாதவர் அளவைப் பற்றிக் கேட்க மாட்டார். கேட்கத் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு அவர்களைக் காட்டியே ‘நர்சுக்கு என்ன தெரியும்’ என்பது நியாயமான வாதம் ஆகாது. பயிற்சி பெற்ற நர்சின் குரலை அடக்கவே அந்த அறியாமை பயன்படுகிறது.

எண்ணிக்கையும் அப்படித்தான். லிண்டா எய்க்கன் தலைமையில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்று காட்டியது. “இத்தனை பேரை நான் ஒருத்தி பார்க்க முடியாது டாக்டர்” என்று ஒரு நர்ஸ் சொன்னால், அதை வேலைக்கு வணங்காத பேச்சு என்று ஒதுக்காதீர்கள். உங்கள் அம்மாவின் உயிரைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

நர்சுகள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. செய்கிறார்கள். பி.பி. பார்க்காமலே பார்த்ததாகச் சார்ட்டில் எழுதும் நர்ஸ் உண்டு. மருந்து நேரத்தைத் தவறவிடுபவர் உண்டு. அவர்களை டாக்டர் கண்டிக்கத்தான் வேண்டும். என் வாதம் எளியது: அந்தக் கண்காணிப்பு இரண்டு பக்கமும் ஓட வேண்டும். டாக்டர் நர்சின் தவறைப் பிடிப்பது போலவே நர்ஸ் டாக்டரின் தவறைப் பிடிக்க வேண்டும். இருவரும் மனிதர்கள், இருவருக்கும் தூக்கம் வரும்.

சிறு நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டரின் சுமையையும் நான் அறிவேன். வங்கிக் கடன், பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளின் போட்டி, ஒரு மரணம் நேர்ந்தால் கண்ணாடியை உடைக்க வரும் கூட்டம். அந்தக் கூட்டத்திடமிருந்து காக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே சட்டம் வந்தது. அது டாக்டரையும் நர்சையும் சேர்த்தே காக்கிறது. வெளியே இருந்து வரும் அடிக்கு இருவரும் ஒன்று என்றால், உள்ளே நோயாளியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒருவர் வாய் மூடி நிற்க வேண்டியது ஏன்? உங்களை நீதிமன்றப் படி ஏறாமல் காக்கக்கூடியவர், இரவில் விழித்திருந்து “இந்த அளவு சரியா டாக்டர்?” என்று கேட்கும் அந்தப் பெண்தான். அவரை வேலையை விட்டு அனுப்பும் டாக்டர், தன் பாதுகாப்பையே வெளியே அனுப்புகிறார்.

செய்ய வேண்டியவை

போனில் சொல்லும் மருந்தை நர்ஸ் எழுதிக்கொண்டு, பெயரையும் அளவையும் திரும்ப வாசித்து, டாக்டர் ஆம் என்ற பிறகே கொடுக்க வேண்டும். மறுநாள் டாக்டர் கேஸ் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். நர்சின் ஆட்சேபத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத இடம் வேண்டும். எழுதியதற்காக அவரை நீக்க முடியாது என்று விதி வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நோயாளிக்குத் தீங்கு என்று தான் கருதும் வேலையைச் செய்யச் சொன்னால் நர்ஸ் அதைப் பதிவு செய்து சக நர்சுகளின் குழு முன் வைக்கலாம். அப்படி வைத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நம் மாநிலத்தில் தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அந்த விதிகளில் இந்தப் பாதுகாப்பைச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. நர்சின் பதிவு எண் அவர் சட்டையில் தெரியட்டும். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் அலுவலகத்தில் நர்சுகளின் புகாரைப் பெயர் வெளியிடாமல் ஏற்க ஓர் அதிகாரி இருக்கட்டும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டாரை ஒரு நர்சிங் ஹோமில் சேர்க்கும்போது அறை வாடகையையும் ஏ.சி.யையும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இரவில் பதிவு பெற்ற நர்ஸ் எத்தனை பேர், டூட்டி டாக்டர் யார் என்று கேளுங்கள். அங்கே ஒரு சிஸ்டர் உங்கள் முன்னாலேயே டாக்டரிடம் “இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்க டாக்டர்” என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் நம்பிக்கை குலையவும் வேண்டாம். நோயாளிக்காக அந்த அறையில் யாரோ யோசிக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். அந்தக் கேள்விக்காக அவர் வேலை பறிபோகும் நிலை வந்தால், அவர் பக்கம் நின்று பேசுங்கள். அவர் பேசியது உங்களுக்காக.